நோட்ஸ் ஆப்பில் ஃபோல்டர் வரிசை: நம்மூர்க் கோப்புகளுக்கு எது நிலைக்கிறது?

முட்டம்கரை:
அப்சிடியன் என்ற நோட்ஸ் ஆப்பில் ஃபோல்டரை இழுத்து மேலே கீழே வைக்க முடியாது. இழுத்தால் ஒன்றுக்குள் இன்னொன்று போய்விடும். பெயர், மாற்றிய நேரம், உருவாக்கிய நேரம் என்று வரிசை தேர்ந்தெடுக்கலாம், அதுவும் நோட்டுகளுக்கு மட்டும். நேரப்படி வைத்தாலும் ஃபோல்டர்கள் அகரவரிசையிலேயே மேலே நிற்கும்.

நம் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களுக்கு இது ஒத்துவராது. அகரவரிசையில் கன்னியாகுமரி, குளச்சல், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம், நீரோடி, மணக்குடி, முட்டம் என்று வருகிறது. கரை வழியே கிழக்கிலிருந்து மேற்கே போனால் சின்னமுட்டம், கன்னியாகுமரி, மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம், நீரோடி. அந்த வரிசைதான் வேண்டும். விசைப்படகுத் தடைக்காலம் சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் போய்க் குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் நடுவில் உட்கார்ந்தால் தேதியை மாற்றிப் படித்துவிட வாய்ப்பு அதிகம். எந்த முறை நாள்பட நிற்கிறது?

தக்கலைக் கணக்கன்:
பெயருக்கு முன்னால் எண் போடுவதுதான் எல்லா இடத்திலும் நிற்கும். 1, 2, 3 என்று போடாதீர்கள். 010, 020, 030 என்று பத்துப் பத்தாக விடுங்கள். மணக்குடிக்கு 030, முட்டத்துக்கு 040 கொடுத்தபின் ராஜாக்கமங்கலம் துறையைச் சேர்க்க வந்தால் 035 போதும், மற்ற எதையும் தொட வேண்டாம். மூன்று இலக்கம் எதற்கென்றால், மீனவ ஊர்களை முழுதாகச் சேர்த்தால் நாற்பதைத் தாண்டும்; பத்துப் பத்தாகப் போனால் 400-ஐத் தொடும். அப்சிடியன் 20-க்குப் பிறகுதான் 100-ஐ வைக்கும். ஆனால் எண்ணை எழுத்தாகப் பார்க்கிற சில ஃபைல் மேனேஜர்கள் 10-க்கு அடுத்தே 100-ஐ வைத்துவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் இரண்டிலும் ஒரே வரிசை.

பெயர் மாற்றுவதை ஆப்புக்குள்ளேயே செய்யுங்கள். உள் இணைப்புகளைத் தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். வெளியே ஃபைல் மேனேஜரில் மாற்றினால், ஃபோல்டர் பாதையோடு எழுதிய இணைப்புகள் அறுந்துபோகும். போனிலும் கணினியிலும் ஒத்திசைவு முடியுமுன் பெயரை மாற்றினால் பழைய பெயரில் ஒன்று, புதிய பெயரில் ஒன்று என இரண்டு ஃபோல்டர் நிற்கும்.

பனங்காடு:
தமிழ் எழுத்தின் வரிசையே சில இடத்தில் மாறும், அதையும் கவனிக்க வேண்டும். யூனிகோடு அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’-வுக்கு அடுத்தே இருக்கிறது, ‘ற’ என்பது ‘ர’-வுக்கு அடுத்து. நம் நெடுங்கணக்கில் இரண்டும் கடைசி. ஆகவே மொழி அறிந்து அடுக்கும் ஆப்பில் பலா முன்னும் பனை பின்னும் வரும். குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்கும் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) போன்றவற்றில் பனை முன்னால் வந்துவிடும். ஒரே ஃபோல்டர் இரண்டு கருவியில் இரண்டு விதமாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். எண் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் எண் போட்டு நிரப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டே பூ, அதாவது இரண்டே போகம். அகரவரிசையே காலவரிசையாகவும் இருக்கிறது. அங்கே எண் எதற்கு?

வேணாட்டு ஏடு:
பழைய பத்திரங்களின் குறிப்பை அடுக்குகிறவர்களுக்கு: மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டையும் ஆங்கில ஆண்டையும் கலந்து பெயர் வைத்தால் வரிசை கெடும். இரண்டும் நான்கு இலக்கம் என்பதால் கொல்லம் 1131 எப்போதும் 1935-க்கு மேலே நிற்கும். உண்மையில் 1131 என்பது 1955-56.

மாற்றுவது சுலபம். சிங்ஙம் 1, அதாவது ஆவணி முதல் நாளிலிருந்து டிசம்பர் 31 வரை 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (நம் ஆடி) முடிய 825. கொல்லம் 1124 சிங்ஙம் என்றால் 1948, அதே 1124 கும்பம் (நம் மாசி) என்றால் 1949. தனு மாதத்தில்தான் (நம் மார்கழி) தவறு நடக்கும், ஏனென்றால் மாதத்தின் பாதியில் ஆங்கில ஆண்டு மாறிவிடும். பத்திரத்தில் நாள் எண்ணைப் பார்க்காமல் கூட்டாதீர்கள்.

எல்லாமே கொல்லம் ஆண்டுக் குறிப்பு என்றால் மாற்றத் தேவையில்லை. மாதத்தைப் பெயராக எழுதாமல் சிங்ஙத்தை 01 என வைத்து எண்ணுங்கள்: 1124-07 என்றால் கும்பம். பெயரை மட்டும் எழுதினால் ஆண்டுக் கடைசியான கர்க்கடகம் சிங்ஙத்துக்கு மேலே ஏறிக்கொள்ளும்.

குளச்சல் துறை:
பெயரில் எண்ணே வேண்டாம் என்பவர்களுக்கு அப்சிடியனில் சேர்த்துக்கொள்ள ‘கஸ்டம் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் சார்ட்டிங்’ என்ற பிளகின் இருக்கிறது. ஃபோல்டருக்குள் ‘சார்ட்ஸ்பெக்’ என்ற ஆங்கிலப் பெயரில் ஒரு நோட்டு வைத்து, அதன் தலைப்பகுதியில் வேண்டிய வரிசையை வரிக்கு ஒரு பெயராக எழுத வேண்டும். வரிகளை உள்தள்ள ஸ்பேஸ் மட்டும்தான், டேப் தட்டினால் பிழை வரும். எழுதி முடித்ததும் பக்கப்பட்டையில் உள்ள அதன் ஐகானை அழுத்தினால்தான் வரிசை மாறும். பட்டியலில் இல்லாதவை கடைசிக்குப் போகும்.

இதன் குறை: நோட்டின் பெயரை மாற்றினால் பட்டியலில் உள்ள பெயர் தானாக மாறாது. அந்த நோட்டு சத்தமில்லாமல் கடைசியில் போய் நிற்கும். பிளகின் இல்லாத போனில் வரிசையே இருக்காது.

தோவாளைப் பந்தல்:
வரிசை ஒன்றுதானா என்றும் யோசிக்க வேண்டும். தாலுகாக்களைக் கிழக்கிலிருந்து அடுக்கியவருக்கு நாளைக்கே மலையிலிருந்து கடல்வரை என்று வேறு வரிசை தேவைப்படலாம். அப்போது ஃபோல்டரை விட்டுவிட்டு ஒரு உள்ளடக்க நோட்டு எழுதி, வேண்டிய வரிசையில் இணைப்பு கொடுப்பதே நல்லது. இரண்டு வரிசைக்கு இரண்டு உள்ளடக்கம். ஒரே நோட்டு இரண்டிலும் இருக்கும்.

ஜோப்லின் என்ற இன்னொரு நோட்ஸ் ஆப்பில் நோட்டுகளுக்கு ‘கஸ்டம் ஆர்டர்’ தேர்ந்தெடுத்து இழுத்து வைக்கலாம்.

தக்கலைக் கணக்கன்:
ஒன்று விட்டுப்போயிற்று. பெயரை நீட்டாதீர்கள். ஆண்ட்ராய்டில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் போகும். திருவட்டாறு என்பது பார்வைக்கு ஆறு எழுத்து. இகர, உகரக் குறிகள், கால், புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறியீடு, 33 பைட். விண்டோஸ் கணக்கு வேறு என்பதால் அங்கே நீளப் பெயர் ஏற்கும், போனுக்கு வரும்போது அந்த நோட்டு மட்டும் ஒத்திசையாமல் நின்றுவிடும்.

முட்டம்கரை:
அப்படியானால் கரை ஊர்களுக்கு மூன்று இலக்க எண், தடைக்காலத்துக்குத் தனி உள்ளடக்க நோட்டு. தாலுகாக்களுக்கு எண் போடவில்லை, உள்ளடக்கமே போதும்.