மறுமொழி: நாள்பட்ட வலி கையேடு – 'பேசிங்' என்பதற்கு 'நிரவிச் செய்தல்'

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நாம் தமிழாக்கும் நாள்பட்ட வலிக் கையேட்டின் சொற்களில் பெரும்பாலானவை முடிவாகிவிட்டன. 'நாள்பட்ட வலி' என்ற சொல்லே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது அந்தக் காலத்துக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வரும் வலி என்ற வரையறையையும் அதன் அருகிலேயே போட்டுவிடலாம். 'தீராத வலி' கூடாது என்று மருத்துவர் ஐயா எழுதியதை வழிமொழிகிறேன். நோயாளி கையில் கொடுக்கிற தாளில் 'தீராத' என்று அச்சடித்தால், அவர் அதற்கு மேல் படிக்க மாட்டார். உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாட்டில், 2022 முதல், நாள்பட்ட வலிக்குத் தனிக் குறியீடே இருக்கிறது. வேறொரு நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்கப்பட்டது, இன்று தானே ஒரு நோயாகவும் எண்ணப்படுகிறது. பெயரும் அதற்கேற்ற மரியாதையோடு இருக்க வேண்டும்.

இழுபறியில் இருப்பது 'பேசிங்' (pacing) மட்டும்தான், அதாவது வேலையையும் ஓய்வையும் நேரம் வைத்துப் பிரித்துச் செய்யும் முறைக்கான ஆங்கிலச் சொல். அப்படியே விட முடியாது. வார்டில் "பேசிங் பண்ணுங்கம்மா" என்றால் அந்த அம்மாவுக்குப் 'பேசு' என்றுதான் காதில் விழும்.

> 'செயல்வேகக் கட்டுப்பாடு' என்று வைக்கலாமே. மூலச் சொல்லுக்கு நெருக்கமாக இருக்கிறது.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாம் கற்றுக்கொடுக்கும் முறைக்கும் வேகத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. நாள்பட்ட முதுகுவலி உள்ள ஒருவர், வலி குறைந்த நாளில் தேங்கிக் கிடந்த வேலையையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்கிறார். துணி துவைத்து, மாவாட்டி, பரண் ஒழித்து, எல்லாம் ஒரே காலையில். மறுநாள் எழ முடிவதில்லை. இரண்டு மூன்று நாள் படுக்கை. வலி தணிந்ததும் மறுபடி அதே ஓட்டம். சில மாதங்களில் ஓடும் நாட்கள் குறைந்து, முடங்கும் நாட்கள் கூடிவிடுகின்றன. தசை தளர்கிறது, தூக்கம் கெடுகிறது, வேலை என்றாலே பயம் வருகிறது. இந்தச் சுழற்சிக்கு 'ஓடி முடங்கல்' என்று பெயர் வைக்கலாம் என்பது என் யோசனை.

இதை உடைப்பதற்கான வழிதான் பேசிங். அவரால் வலி கூடாமல் எத்தனை நிமிடம் நின்று வேலை செய்ய முடிகிறது என்று சில நாள் பார்க்கச் சொல்கிறோம். ஒரு நாள் 12, ஒரு நாள் 8, ஒரு நாள் 10 என்று வருகிறது. சராசரி 10. அதிலும் கொஞ்சம் குறைத்து, 8 நிமிடத்தில் தொடங்கச் சொல்கிறோம். 8 நிமிடம் ஆனதும், வலி இல்லாவிட்டாலும், உட்கார வேண்டும். நன்றாக இருக்கிற நாளிலும் அதே 8தான். சற்றுச் சுமாரான நாளிலும் அதை விட்டுவிடக் கூடாது. அது பழகிய பிறகு 9, அப்புறம் 10. நிறுத்தச் சொல்வது கடிகாரம். வலி வந்து நிறுத்தும் வரை காத்திருப்பதில்லை.

சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1970களில் வகுத்துக் காட்டிய கொள்கை இது. வலிக்கும்போது மருந்து, வலிக்கும்போது ஓய்வு என்ற பழக்கத்தை மாற்றி, இரண்டையும் நேரப்படி வைத்தார். புற்றுநோய் வலிக்கு 1986இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன 'கடிகாரப்படி மருந்து' என்பது நம் செவிலியர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் காரணங்கள் வேறு. ஆனாலும், மருந்துக்குக் கடிகாரம் பார்க்கப் பழகிய செவிலியருக்கு, வேலைக்கும் ஓய்வுக்கும் கடிகாரம் பார்ப்பதை விளக்குவது எளிது. இந்த உறவைக் கையேட்டில் சொல்லியே ஆக வேண்டும்.

> எங்கட பக்கம் 'ஆறுதலாச் செய்யுங்கோ' எண்டு சொல்லுவம். தாதியர் வாயில ஏற்கெனவே இருக்கிற சொல். அதையே எடுக்கலாம்தானே?

யாழ்ப்பாண நண்பர் எழுதியதைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. ஈழத்தில் 'ஆறுதலாக' என்றால் அவசரமில்லாமல், நிதானமாக. தமிழ்நாட்டிலோ ஆறுதல் என்றதும் துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுவதுதான் நினைவுக்கு வரும். இரண்டு பக்கமும் புழங்க வேண்டிய கையேடு என்பதால் தலைச்சொல்லாக வைக்க முடியாது. இலங்கைப் பதிப்பின் விளக்கத்தில் அந்தத் தொடர் கட்டாயம் வரட்டும். நோயாளிக்கு 'வலிக்குது' என்பதைவிட 'நோகுது' இயல்பாக வருகிற இடத்தில், அவர் பேச்சுக்கு நாம்தான் இறங்கி வர வேண்டும்.

'அளவோடு செய்தல்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் 'அளவோடு' என்றால் குறைத்துக்கொள் என்று பொருள். மருமகளின் வேலையைக் குறைக்க இப்படி ஒரு சொல் கிடைத்தால் நல்லதுதான் என்று தோன்றலாம். ஆனால் குறைப்பதோடு நின்றுவிட்டால், அந்தப் பெண்ணின் இயக்கம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போகும். ஆய்வுகளிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. பேசிங் பலன் தருகிறதா என்று கேட்டால் முடிவுகள் ஒத்துப்போவதில்லை. சிலர் வேலையைத் தவிர்ப்பதையும் அந்தப் பெயரில் சேர்த்து அளக்கிறார்கள், சிலர் படிப்படியாகக் கூட்டுவதை மட்டும் அளக்கிறார்கள். ஆங்கிலச் சொல் தொளதொளவென்று இருப்பதும் இதற்கு ஒரு காரணம். தமிழில் புதிதாக வைக்கும்போது அந்தத் தளர்ச்சியைக் கூடவே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

என் பரிந்துரை: வினையாக 'நிரவிச் செய்தல்', பெயராக 'செயல் நிரவல்'.

மேட்டு மண்ணை எடுத்துப் பள்ளத்தில் போட்டு வயலைச் சமப்படுத்துவதை நிரவுதல் என்கிறோம். வலி குறைந்த நாளில் குவிகிற வேலையை எடுத்து எல்லா நாளுக்கும் பரப்புவது அதே காரியம். மொத்த மண் குறைவதில்லை என்பது முக்கியம். செவிலியர் வாயில் ஏவலாகவும் வரும்: "ஒரே நாள்ல செய்யாதீங்கம்மா, நிரவிச் செய்யுங்க." 'செயல்வேகக் கட்டுப்பாடு' என்பதை யாரும் யாரிடமும் இப்படிச் சொல்ல முடியாது.

> நிரவல் என்பது கர்நாடக இசையில் இருக்கிறது. கணிதத்தில் இடைநிரவல் இருக்கிறது. குழப்பம் வராதா?

வராது என்றே நினைக்கிறேன். பாட்டின் ஒரு வரியைத் தாளத்துக்குள் பலவிதமாகப் பரப்பிப் பாடுவது இசையில் நிரவல். தெரிந்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே உள்ளதைக் கண்டு இட்டு நிரப்புவது இடைநிரவல். எல்லாவற்றிலும் பரப்புதல் என்ற வேர்ப்பொருள்தான். வலிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் கச்சேரியையோ கணிதத்தையோ நினைத்து மயங்கப் போவதில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கையைச் சொல்லின் அடியிலேயே எழுத வேண்டும். நாள்பட்ட களைப்பு நோயிலும் பேசிங் என்ற அதே சொல் வழங்குகிறது, ஆனால் பொருள் வேறு. அங்கே ஆற்றலின் எல்லைக்குள் இருப்பதுதான் நோக்கம். வாரா வாரம் கூட்டுவது கெடுதலாக முடியலாம். சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் (NICE) நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், அந்த நோய்க்கு ஏறுமுக உடற்பயிற்சி சிகிச்சை தரக் கூடாது என்றே சொல்லியிருக்கிறது. எனவே அதற்கு 'ஆற்றல் எல்லை காத்தல்' என்று தனிச்சொல் வைப்போம். ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடப்பதைத் தமிழில் பிரித்து வைத்தால் ஒரு நோயாளியாவது தவறான அறிவுரையிலிருந்து தப்புவார்.

அடுத்து, குழந்தைகள். இந்தப் பகுதியில்தான் சொல் நிஜமாகச் சோதிக்கப்படும். நாள்பட்ட வயிற்றுவலியால் பள்ளிக்குப் போகாமல் இருக்கும் பிள்ளையை, வலி முழுக்கப் போகட்டும் என்று வீட்டில் வைத்திருந்தால் பள்ளி மேலும் தள்ளிப்போகும். முதல் வாரம் இரண்டு பீரியட், பிறகு மதியம் வரை, பிறகு முழு நாள் என்று திட்டமிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் குழந்தைகளின் நாள்பட்ட வலிக்குத் தந்த வழிகாட்டியும் உடல், மனம், சூழல் மூன்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. மணிக்கொரு தரம் "வலிக்குதா கண்ணு?" என்று கேட்கும் அம்மாவிடம், "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்கச் சொல்வதும் செவிலியர் வேலைதான். பிள்ளையின் வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் இதைச் சொல்ல வேண்டும். 'வலி என்பது, அதை அனுபவிப்பவர் எதை வலி என்கிறாரோ அது' என்ற பொருளில் 1968இல் சொன்ன மார்கோ மெக்காஃப்ரியும் ஒரு நர்ஸ்தான். கையேட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயர் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

எட்டு வயதுப் பிள்ளையிடம் 'நிரவி' என்றால் புரியுமா என்பது எனக்கு ஐயம்தான். "கொஞ்சம் விளையாடு, கொஞ்சம் உட்காரு, மறுபடி விளையாடு" என்று விரித்துச் சொல்லலாம். குழந்தைகளுக்கான தாளில் கலைச்சொல்லே வேண்டாம், படமும் இந்த வரியும் போதும் என்பது என் கருத்து. பள்ளி ஆசிரியர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். இன்னும் நல்ல வரி இருந்தால் எழுதுங்கள்.

சொல்லடைவுக்கான வரைவு:

செயல் நிரவல் (வினை: நிரவிச் செய்தல்) – நாள்பட்ட வலி உள்ளவர், வேலையையும் ஓய்வையும் வலியைக் கொண்டு முடிவுசெய்யாமல், முன்பே தீர்மானித்த நேர அளவின்படி நாட்கள்தோறும் சமமாகப் பரப்பி, அந்த அளவை மெல்லக் கூட்டிக்கொண்டு போகும் முறை. ஆற்றல் எல்லை காத்தல் என்பதிலிருந்து வேறானது.

'மெல்லக் கூட்டி' என்பதை வரையறைக்குள்ளேயே வைப்பதா, விளக்கத்தில் தள்ளுவதா? நான் உள்ளே இருக்கட்டும் என்கிறேன். மருத்துவர் ஐயாவும் உடலியக்க மருத்துவ நண்பர்களும் இந்த ஒரு தொடர் பற்றி மட்டும் கருத்துச் சொன்னால், பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்புக் குழுவிலிருந்து ஒரு செவிலியர்