பிரான்ஸ் போவதற்கு முன் பிரெஞ்சுப் பாட்டு கேட்க ஆசை, எங்கே தொடங்குவது?

மெட்டுவிரும்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் 18ஆம் தேதி பாரிஸில் இறங்குகிறோம், நானும் வீட்டுக்காரரும். அங்கே ஐந்து நாள், அப்புறம் ரயிலில் மோன்பெலியே. மகள் அங்கேதான் படிக்கிறாள், அவளுடன் ஒரு வாரம். விசா, டிக்கெட் எல்லாம் அவளே பார்த்துக்கொள்கிறாள். எனக்கு இருப்பது ஒரே ஆசை, போகும்போது அந்த ஊர்ப் பாட்டு கொஞ்சமாவது காதில் இருக்க வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு இப்படித்தான். கல்கத்தா போவதற்கு முன் இரண்டு மாதம் ரவீந்திர சங்கீதம் கேட்டுவிட்டுப் போனேன், அங்கே ஒரு டாக்சியில் கேட்ட மெட்டு ஒன்று ஓடியபோது தெரியாத ஊர் சட்டென்று தெரிந்த ஊர் ஆகிவிட்டது.

யூடியூபில் தேடினால் 'பிரெஞ்சு கஃபே இசை' என்று மூன்று மணி நேரத் தொகுப்புகள்தான் வருகின்றன. எல்லாவற்றிலும் அக்கார்டியன், பாடுகிறவர் யாருமில்லை. அந்த ஊர்க்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்களா? பாடகி எதித் பியாஃப் பெயர் மட்டும் தெரியும். பிரெஞ்சு மொழி எனக்குத் தெரியாது, ஆனால் வரி புரியாமல் பாட்டுக் கேட்டால் மனசு ஒட்டாது. மூன்று மாதம் இருக்கிறது, பஸ்ஸில் தினமும் அரை மணி நேரம் கேட்பேன். நூறு பாட்டுப் பட்டியல் வேண்டாம், நீங்கள் உண்மையிலேயே விரும்பிக் கேட்பது எது என்று சொல்லுங்கள்.


கடலோரவீதி எழுதியது:

வரி புரியாமல் மனசு ஒட்டாது என்கிறீர்களே, அப்படியானால் நீங்கள் 'ஷான்சோன்' கேட்கவேண்டிய ஆள். சும்மா பாட்டு என்றுதான் அதற்கு அர்த்தம், ஆனால் ஒரு தனி மரபையே அந்தப் பெயரால் சொல்வார்கள், அதில் வரிதான் முதலாளி. நாம் கண்ணதாசனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதில்லையா, அப்படி. எனக்கு ஊர் புதுச்சேரி. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் வைத்திருந்த இசைத்தட்டுகளில்தான் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது.

முதலில் பாடகர் ஷார்ல் அஸ்நவூரின் 'லா போஎம்', 1965இல் வந்தது. வயதான ஓவியர் ஒருவர் பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் கழிந்த தன் இளமையைச் சொல்கிறார். இரண்டு நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு, குளிர், காதலியையே உட்காரவைத்து வரைந்த படங்கள். கடைசிப் பகுதியில் அவர் அந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகிறார், எதுவும் அடையாளம் தெரியவில்லை, வரைந்த அறையே இல்லை, லைலாக் செடிகள் பட்டுப்போய்விட்டன. மேடையில் பாடும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஓவியர் தூரிகை துடைக்கும் துணி போல வைத்திருந்து முடிவில் கீழே போட்டுவிடுவார், அந்தக் காணொளியை அவசியம் பாருங்கள். நீங்கள் மோன்மார்த்ர் போகாமல் திரும்பப் போவதில்லை, அங்கே போய் நின்றால் இந்தப் பாட்டின் கதை முழுவதும் உங்கள் காலடியில் இருக்கும்.

அடுத்து ழாக் ப்ரெல். அவர் பெல்ஜியக்காரர், பிரான்சில் பலரும் தங்கள் ஆளாகவே நினைக்கிறார்கள். அவருடைய 'ஆம்ஸ்டர்டாம்' பாட்டை அவர் ஸ்டுடியோவில் பதிவே செய்யவில்லை, 1964இல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாடியதுதான் இசைத்தட்டாக வந்தது. துறைமுகத்தில் மாலுமிகள் தின்கிறார்கள், குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள், அழுகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். மெதுவாகத் தொடங்கும், ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு படி ஏறும், கடைசியில் மனிதர் கத்துகிறார், முகமெல்லாம் வேர்வை கொட்டுகிறது. ஒரு சொல் புரியாமலே எனக்குப் பன்னிரண்டு வயதில் உடம்பு சிலிர்த்த பாட்டு அது. 'என்னை விட்டுப் போகாதே' என்று அவர் கெஞ்சும் 1959ஆம் ஆண்டுப் பாட்டு இதைவிடப் புகழ் பெற்றது, ஆனால் தொடங்க வேண்டியது ஆம்ஸ்டர்டாமில்தான் என்பேன்.

பியாஃப் வேண்டாம் என்று சொல்லவில்லை. 'எதற்கும் வருந்தவில்லை' என்ற பாட்டை 1960 இறுதியில் அதே ஒலிம்பியாவில் பாடினார், அரங்கம் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம், அவருடைய நிகழ்ச்சிகள்தான் அதைக் காப்பாற்றின. ஒலிம்பியா இன்றும் இருக்கிறது, வெளியே சிவப்பு விளக்கு எழுத்துகளில் பெயர் தெரியும், ஓப்பராவிலிருந்து நடக்கிற தூரம்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பாட்டின் வரிகளை எடுத்து மொழிபெயர்ப்போடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒரே பாட்டு. பன்னிரண்டு வாரத்தில் பன்னிரண்டு பாட்டு உங்களுடையதாகிவிடும்.


இரவுப்பேருந்து எழுதியது:

மேலே சொன்னவை எல்லாம் அருமைதான், ஆனால் எடுத்த எடுப்பில் ப்ரெல் என்றால் மொழி தெரியாதவருக்கு மூச்சு வாங்கும். ஃப்ரான்சுவாஸ் ஆர்டியின் 1962ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று இருக்கிறது, என் வயதுப் பையன்களும் பெண்களும் ஜோடியாக நடக்கிறார்கள், நான் மட்டும் தனியாகப் போகிறேன் என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண் தானே எழுதிப் பாடியது. நிதானமான குரல், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும். அப்புறம் ஜோ தாசானின் 'ஷான்ஸ் எலிஸே', 1969. வெயிலோ மழையோ, நடுப்பகலோ நடுநிசியோ, அந்தச் சாலையில் எல்லாம் கிடைக்கும் என்பது பல்லவி. இரண்டே நாளில் வாயில் ஒட்டிக்கொள்ளும், ஊர் சுற்றத் தேவையான நாலு சொல்லும் அதிலேயே கிடைத்துவிடும்.

உச்சரிப்பு பற்றி ஒன்று. பேச்சில் விழுங்கிவிடும் கடைசி உயிரெழுத்தைப் பாட்டில் பெரும்பாலும் பாடுவார்கள். பள்ளியில் படித்த 'ஃப்ரேர் ழாக்' நினைவிருக்கிறதா, பேசும்போது இரண்டு அசை, பாடும்போது 'ஃப்ரே-ர ழா-க' என்று நான்கு. அதனால் பாட்டில் கற்ற சொல்லை அப்படியே கடையில் நீட்டிச் சொல்லாதீர்கள், கடைசியைச் சுருக்கிவிடுங்கள்.


குசினிவானொலி எழுதியது:

அக்கா, நான் பாரிஸில் பதினாறு வருடமாக இருக்கிறேன், பிறந்தது யாழ்ப்பாணம். வந்த புதிதில் உணவகக் குசினியில் கோப்பை கழுவும் வேலை, அங்கே காலை முதல் இரவு வரை வானொலி ஓடும். எனக்குப் பிரெஞ்சு படிப்பித்தது அந்த வானொலிதான். இங்கே ஒரு சட்டம் இருக்கிறது, 1994இல் நிறைவேற்றியது, வானொலியில் போடும் பாட்டில் 40 சதவீதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும், அதிலும் பாதி புதியவர்களுடையதோ புதிய பாட்டோ ஆக இருக்க வேண்டும். இந்த மொழியில் ராப் இவ்வளவு செழித்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

அதனால் பழைய பாட்டோடு நிற்காதீர்கள். மெட்ரோவில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பெடியன் கேட்பது அஸ்நவூராக இருக்காது. ஸ்ட்ரோமாய் கேளுங்கள், அவரும் பெல்ஜியம்தான், தகப்பன் ருவாண்டாக்காரர், 1994 இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர். 'அப்பா, எங்கே இருக்கிறாய்' என்று மகன் கேட்கும் பாட்டை 2013இல் ஆடத்தக்க தாளத்தில் போட்டார், ஆடிக்கொண்டே இருக்கும்போது வரி விளங்கினால் கால் நின்றுவிடும். இறப்பு நடந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும், நான் அதற்கு மேல் எழுதவில்லை. அவர் பெயரே 'மாயெஸ்ட்ரோ' என்பதைத் திருப்பிப் போட்டதுதான். இப்படி அசையை மாற்றிப் போட்டுக் கதைப்பது இங்கே இளம் ஆட்களின் வழக்கம், 'வெர்லான்' என்பார்கள், ராப் பாட்டு முழுக்க அதுதான், அகராதியில் தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

அப்புறம் பாடகி ஆயா நக்கமுரா. பிறந்தது மாலியின் பமாகோ, வளர்ந்தது பாரிஸின் புறநகர். 2024 ஒலிம்பிக் தொடக்க விழாவில் போன் தேஸார் பாலத்தில் குடியரசுக் காவல்படையின் வாத்தியக்குழுவோடு பாடினார், தன் பாட்டுக்கு நடுவில் அஸ்நவூர் பாட்டு ஒன்றையும் சேர்த்து. அவர் அங்கே பாடக் கூடாது என்று முன்பே பெரிய எதிர்ப்புக் கிளம்பியிருந்தது. அன்று மழைக்குள் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன், என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, அவள் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. பாலம் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு எதிரேதான், நீங்கள் எப்படியும் அதைக் கடப்பீர்கள்.


மெட்டுவிரும்பி எழுதியது:

எல்லோருக்கும் மனதார நன்றி. மூன்று நாளாக ஆம்ஸ்டர்டாம்தான் ஓடுகிறது, மூச்சு வாங்கியது உண்மை, ஆனால் விடமுடியவில்லை. அப்பா பாட்டை வரியோடு படித்தேன், தம்பி, நீங்கள் எழுதாமல் விட்டதும் புரிந்தது. இரண்டு கேள்வி. பாரிஸைக் காலையில் நடந்து பார்க்கத் தோதான பாட்டு ஏதாவது உண்டா? மோன்பெலியே பக்கம் பாட்டு சம்பந்தமாகப் பார்க்க எதுவும் இருக்கிறதா?


கடலோரவீதி எழுதியது:

காலைப் பாட்டு இருக்கிறது. ழாக் துத்ரோனின் 'மணி ஐந்து, பாரிஸ் விழிக்கிறது', 1968. பால் லாரிகள், துடைப்பத்தோடு தெரு கூட்டுபவர்கள், ரொட்டி சுடுகிறவர்கள், ஈஃபில் கோபுரத்துக்குக் கால் குளிர்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார், கூடவே ஒரு புல்லாங்குழல் நிற்காமல் சுற்றிச் சுற்றி வரும். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், அங்கே ஐந்து என்றால் உங்கள் உடம்புக்கு எட்டரை. முதல் நாள் தானாக விழிப்பு வரும், திரும்பப் படுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.

மோன்பெலியேயிலிருந்து செத் என்ற ஊருக்கு ரயிலில் இருபது நிமிடம்தான், பாடகர் ப்ராசான்ஸ் பிறந்த ஊர். கிட்டார் ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் பாடியவர், 1981இல் காலமானார். என்னைச் செத் கடற்கரையில் புதையுங்கள் என்று ஒரு நீண்ட பாட்டு எழுதியிருக்கிறார், கல்லறை அந்த ஊரிலேயே இருக்கிறது, எதிரே அவருக்கு ஓர் அருங்காட்சியகம். மகளையும் கூட்டிக்கொண்டு போய் அரை நாள் இருந்துவிட்டு வாருங்கள்.


குசினிவானொலி எழுதியது:

அக்கா, தேதியை இப்போதுதான் கவனித்தேன். 21ஆம் தேதி நீங்கள் பாரிஸில்! அன்றுதான் இசைத் திருநாள், 1982இல் தொடங்கியது, டிக்கெட் எல்லாம் கிடையாது, வாசிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். சேன் மர்த்தான் கால்வாய்ப் பக்கம் போங்கள், இருபது அடிக்கு ஒரு குழு நிற்கும். ஷான்ஸ் எலிஸே பல்லவி பாடமாக இருக்கட்டும். வீட்டுக்காரருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், தனியாக நிற்க விடமாட்டார்கள்.