கவிழ்ந்து மிதக்கும் தங்கமீன்: எங்கள் வீட்டு அனுபவம்

கவிழ்ந்து மிதந்த தன் தங்கமீன், தண்ணீரில் உப்புப் போட்ட மறுநாளே நிமிர்ந்துவிட்டதாக இங்கே முன்னால் ஒரு நண்பர் எழுதியிருந்தார். மகிழ்ச்சி. அவருடைய மீனுக்கு வந்தது சாதாரண மலச்சிக்கலாக இருக்கலாம். எங்கள் முற்றத்துச் சிமெண்டுக் குளத்தில் இருக்கும் ரியூக்கின் என்ற உருண்டை உடம்பு வகைத் தங்கமீன் அந்த ரகம் இல்லை. சென்னைக் கொளத்தூரில் வாங்கியது. வயிறு மேலே தெரிய மிதக்கத் தொடங்கிப் பல மழைக்காலங்கள் போய்விட்டன. இன்றும் மிதக்கிறது, நன்றாகவே தின்கிறது.

இந்த வகையின் உடம்பு அப்படி. கெண்டைக் குடும்பத்து மீனைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருண்டையாக்கிவிட்டார்கள். குட்டை உடம்புக்குள் குடலும், மீனைத் தண்ணீரில் நிலையாக மிதக்கவைக்கும் இரண்டு அறைக் காற்றுப்பையும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். குடல் வீங்கினால் காற்றுப்பை நசுங்கி, மீன் நிலைதடுமாறும். பார்ப்பவருக்கு அழகு, மீனுக்கு அவதி.

கடைக்காரர் நீல மருந்து ஒன்றும் ஆன்டிபயாடிக் பொடி ஒன்றும் கொடுத்தார். இரண்டையும் நான் குளத்தில் ஊற்றவில்லை. தொற்று இருக்கிறதா என்றே தெரியாமல் ஆன்டிபயாடிக் போட்டால், வடிகட்டியில் மீன் கழிவின் நச்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் சாகலாம். பிறகு மிதக்கும் மீனோடு மற்ற மீன்களும் திணறும்.

பலன் தந்தது தீவன மாற்றம்தான். மேலே மிதக்கும் குருணையைத் தின்னும்போது மீன் காற்றையும் விழுங்குகிறது. அதனால் மூழ்கும் குருணைக்கு மாறி, அதையும் ஊறவைத்தே போடுகிறேன். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. மறுநாள் தோலுரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணி. மார்கழிக் குளிரில் செரிமானம் மந்தமாகும் என்பதால் அளவைப் பாதியாக்கிவிடுவேன். அப்போதும் சில நாள் கவிழத்தான் செய்கிறது. முழுதாகச் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கவனிக்க வேண்டியது வயிற்றுத் தோல். தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம் காய்ந்து புண்ணாகிவிடும். அந்த நாட்களில் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு 3 கிராம் கணக்கில் அயோடின் கலக்காத கல்லுப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். குளத்திலேயே உப்பைக் கொட்டினால் அல்லிக்கொடி கருகும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீர் விட்டால் போதும். வெளியேற்றி மாற்றிய தண்ணீருக்கு மட்டும் புதிதாக உப்பு சேர்க்க வேண்டும். இதைக் கவனிக்காதவர்கள் நாளடைவில் தொட்டியை உப்பங்கழியாக்கிவிடுகிறார்கள்.

மிதக்கும் மீன் காக்கைக்கும் மடையானுக்கும் கைக்கெட்டும் இரை. நைலான் வலை கட்டாமல் இந்த மீனைத் திறந்த குளத்தில் விடவே கூடாது.

இப்படி வைத்திருப்பது கொடுமையில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். தீவனத்தைக் கண்டதும் தள்ளாடியாவது வந்து வாய் திறக்கிறது. அப்படி வரும்வரை எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தின்பதை நிறுத்தி, உடம்பு வீங்கி, செதில்கள் சிலிர்த்து நின்றால் அது வேறு நிலைமை, பெரும்பாலும் உள்ளுறுப்புகள் கெட்டிருக்கும். அப்போது கால்நடை மருத்துவரிடம் கேட்டு, வலியில்லாமல் முடிக்கும் வழியைப் பார்ப்பேன்.