ஒன்பது பிறந்தது, நாலு உயிரோட: அயர்லாந்து பூர்வீகம் தேடினவங்க சொல்லுங்க

லோகோ_பேரன்:
ரெண்டு வாரமா இதே நினைப்பு, இங்க கொட்டிடறேன். அம்மா பக்கம் ஆங்கிலோ இந்தியன். அம்மாவோட தாத்தா பட்டாளத்துல வந்து, அப்புறம் பட்டாளத்தை விட்டுட்டு பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல சேர்ந்தவர். 1912ல இங்கேயே கல்யாணம். "டப்ளின்காரர்"னு கேட்டுத்தான் வளர்ந்தோம். பட்டாளப் பேப்பர் கிடைச்சப்போ பார்த்தா டப்ளினே இல்ல, கில்டேர் கவுண்டில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) அத்தாய்னு ஒரு ஊர். (எழுத்தைப் பார்த்து நாங்க "ஏத்தி"ன்னு படிச்சோம், அது வேற கதை.) அவரோட அம்மா பேரும் அதுலயே இருந்துச்சு.

அந்தப் பேரை வச்சு 1911 சென்சஸ்ல தேடினேன். ஆள் கிடைச்சுட்டாங்க. விதவை, கூட ரெண்டு பொண்ணு, ஒரு பையன். கையெழுத்துப் போடற இடத்துல ஒரு பெருக்கல் குறி. கல்யாணமான பொம்பளைங்களுக்கு மட்டும்னு ரெண்டு கட்டம் உண்டுல்ல, எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை உயிரோட இருக்குன்னு? விதவைங்க அதை நிரப்ப வேண்டியதே இல்லை. இந்தம்மா நிரப்பியிருக்காங்க. 9. 4. கணக்கெடுக்க வந்தவர் மேல ஒரு கோடு கிழிச்சிருக்கார், ஆனா எண் தெளிவாத் தெரியுது.

வீட்ல இருக்கறது மூணு பேர். உயிரோட நாலு. அப்போ அந்த நாலாவது நம்ம பெரம்பூர்க்காரர்தானேன்னு ராத்திரி ஒண்ணரை மணிக்கு அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, போன் ஸ்கிரீன்ல அந்த 4 மேல விரலை வச்சுக்கிட்டே இருந்தாங்க. விரல் பட்டுப் பட்டு படம் நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு.

மேயோ_நாகர்கோவில்:
நான் மேயோ கவுண்டில ஒரு முதியோர் இல்லத்துல நர்ஸ், ஆறு வருஷமா. கோடை வந்தா அமெரிக்காவுல இருந்து யாராவது ஒருத்தர் வம்சாவளியை பிரிண்ட் எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க. போன வருஷம் வந்தவர் பாஸ்டன். எங்க பாட்டிங்கள்ல ஒருத்தருக்கு 94 வயசு, தூரத்துச் சொந்தமாம். அவர் காகிதத்தை விரிச்சு வீடு எங்கேன்னு கேட்டார். பாட்டி காகிதத்தைப் பார்க்கவே இல்ல. "அந்த வீட்டைக் கேட்டு வந்தவங்கள்ல நீ ஏழாவது"ன்னாங்க. அப்புறம், "கல்லைத் தேடாதே, காஞ்சொறி அடர்ந்து நிக்கிற இடத்தைப் பாரு, மனுஷன் இருந்த இடத்துலதான் அது அப்படி வளரும்"னு சொன்னாங்க.

சாயங்காலம் அவர் திரும்பி வந்தார், முழங்கை வரைக்கும் தடிப்பு. நான்தான் மருந்து போட்டேன். சிரிச்சுக்கிட்டே அழுதார், என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இங்க அந்தக் காலத்துல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறப் போறவங்களுக்கு முந்தின ராத்திரி சாவு வீடு மாதிரியே கூடி உட்கார்ந்து வழியனுப்புவாங்களாம். உயிரோட இருக்கிற ஆளுக்கு.

கடலூர்_சிவா:
அயர்லாந்து ரெக்கார்டு எல்லாம் 1922ல எரிஞ்சு போச்சுங்க. என் நண்பர் ஒருத்தர் ரெண்டு வருஷம் தேடி விட்டுட்டார். பணம் கட்டி ஏமாறாதீங்க.

பழைய_பதிவேடு:
சிவா சார், இதைத்தான் எல்லாரும் சொல்றாங்க, சொல்லிச் சொல்லியே பாதிப் பேர் தேடறதை நிறுத்திடறாங்க. என் கதை ரெண்டே வரி: மனைவி வழிப் பாட்டன் டிப்பரரி கவுண்டிக்காரர், 1850கள்ல மதராஸ் வந்த சிப்பாய், மூணு வருஷம் தேடி ஞானஸ்நானப் பதிவு கண்டுபிடிச்சேன், அவர் பேர் பக்கத்துல பாதிரியார் மை கொட்டியிருந்தார். அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். 1922 ஜூன் 30, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ்ங்கிற நீதிமன்ற வளாகத்துல உள்நாட்டுப் போர்ல ஆவணக் காப்பகம் வெடிச்சது உண்மை. 1821ல இருந்து 1851 வரைக்கும் எடுத்த சென்சஸ்ல பெரும்பகுதி அதுல போச்சு. ஆனா 1861, 71 சென்சஸை நெருப்பு தொடவே இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே அரசாங்கமே அழிச்சிடுச்சு. 1881, 91 முதல் உலகப்போர் சமயத்துல காகிதக் கூழாப் போச்சு. பழியை மட்டும் நெருப்பு வாங்கிக்கிச்சு. கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகள் அந்தக் கட்டடத்துலயே இல்ல, அந்தந்தப் பங்குக் கோயில்லயே இருந்துச்சு. சுமார் 1880 வரைக்கும் உள்ளதை தேசிய நூலகம் 2015ல இருந்து இலவசமாவே காட்டுது. 1901, 1911 சென்சஸ் முழுசா இருக்கு, இலவசம். 1864ல இருந்து பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அரசுப் பதிவு, அதோட படங்களும் இலவசம். அதுக்கு முன்னாடின்னா கிரிஃபித் மதிப்பீடு, 1847ல இருந்து 64 வரைக்கும், யார் எந்த நிலத்தை யார்கிட்ட குத்தகைக்கு வச்சிருந்தாங்கன்னு. இதுல எதுக்கு சார் பணம்?

கவுண்டி பேர் மட்டும் வச்சு ஒண்ணும் ஆகாது, டவுன்லேண்ட் வேணும், நம்ம குக்கிராமம் மாதிரி, நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல இருக்கு. குடும்பப் பேருக்கு முன்னால ஓ, மேக் இருக்கும் இல்லாமலும் இருக்கும், ரெண்டையும் போட்டுத் தேடுங்க. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெத்தவர் பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெத்தவர் பேர் வைக்கிறது அங்க வழக்கம். நம்ம "பேரன்"ங்கிற சொல்லே அதுதானே. அதனால ஒரே தாத்தாவோட பேரப்பிள்ளைங்க அஞ்சு பேருக்கும் ஒரே பேர் இருக்கும், ஒரே தெருவுல. நியூயார்க்ல குடியேற வர்றவங்க இறங்கற எல்லிஸ் தீவுல 1892 ஜனவரி 1 அன்னைக்கு முதல் ஆளா இறங்கின கார்க் பொண்ணு ஆனி மூரையே மாத்திப் பிடிச்சுட்டாங்க. டெக்சாஸ் பக்கம் போய் வாழ்ந்தாங்கன்னு பல வருஷம் கொண்டாடினாங்க. 2006லதான் தெரிஞ்சது, அது இலினாய்ஸ்ல பிறந்த வேற ஆனி மூர். இவங்க நியூயார்க்கை விட்டு நகரவே இல்ல.

லோகோ_பேரன், உங்களுக்கும் இதுவே. "டப்ளின்காரர்" ஏன்னு யோசிச்சீங்களா? நம்ம பழைய மதராஸ் ஐரோப்பியப் பட்டாளம்தான் 1862ல 102ஆவது ரெஜிமெண்டாகி, 1881ல ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் ஆச்சு. கில்டேர் ஆளுங்க அதுலதான் அதிகம் சேருவாங்க. ஊரைச் சொல்லாம பட்டாளத்தைச் சொல்லியிருக்கலாம். இன்னொண்ணு, கோச்சுக்காதீங்க: 1911 சென்சஸ்ல ஏப்ரல் 2 ராத்திரி அந்த வீட்ல படுத்திருந்தவங்க பேரைத்தான் எழுதுவாங்க. நாலாவது ஆள் வேற யாராவது ஒரு பிள்ளையா இருக்கலாம். 1901 பாருங்க, வீட்ல யார் யார் இருந்தாங்கன்னு.

மெல்பர்ன்_மருமகள்:
என் வீட்டுக்காரர் குடும்பம் அயர்லாந்து கிளேர் கவுண்டில இருந்து வந்தது. அவங்க கொள்ளுப்பாட்டியோட அம்மா 1901ல 53 வயசு. 1911ல 71. பத்து வருஷத்துல பதினெட்டு வயசு! மாமியார்கிட்ட காட்டினேன், "எங்க குடும்பத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க"ன்னு ஒரு வாரம் பேசல.

விஷயம் என்னன்னா 1909 ஜனவரியில முதியோர் பென்ஷன் வந்துச்சு, எழுபது ஆகியிருந்தா வாரம் அஞ்சு ஷில்லிங். 1864க்கு முன்னாடி பிறந்தவங்ககிட்ட ஏது பிறப்புச் சான்று? 1839 ஜனவரி 6 ராத்திரி ஒரு பெரும்புயல் அடிச்சது. அது ஞாபகம் இருக்குன்னு சொன்னா எழுபது ஆச்சுன்னு கணக்கு. ஊர்ல பாதிப் பேருக்கு திடீர்னு புயல் ஞாபகம் வந்துடுச்சு! எங்க ஆச்சி கூட தனுஷ்கோடி புயல் வருஷம் நான் இத்தனை உசரம்னு கையைக் காட்டித்தான் வயசு சொல்லும், ஒவ்வொரு தடவையும் கை வேற உசரத்துல நிக்கும்.

பழைய_பதிவேடு சொல்லாம விட்ட ஒண்ணு: பென்ஷனுக்கு வயசு நிரூபிக்க 1841, 1851 சென்சஸ்ல பேர் தேடச் சொல்லி விண்ணப்பம் போடுவாங்க. சென்சஸ் எரிஞ்சுடுச்சு, அந்த விண்ணப்பங்கள் இருக்கு. எங்க கிழவியோட விண்ணப்பம் கிடைச்சது. "தேடியதில் கிடைக்கவில்லை"ன்னு எழுதியிருக்கு. மாமியாருக்கு இன்னும் காட்டல.

ராஜேஷ்_குரோம்பேட்டை:
லோகோ ப்ரோ, பாஸ்போர்ட்டை விடாதீங்க. தாத்தா பாட்டியில ஒருத்தர் அயர்லாந்துல பிறந்திருந்தா வெளிநாட்டுப் பிறப்புப் பதிவுல பேர் சேர்த்து குடியுரிமை வாங்கலாம். உங்க அம்மாவுக்குக் கிடைக்கும். அம்மா இனிமே பதிஞ்சா உங்களுக்கு வராது, நீங்க பிறக்கறதுக்கு முன்னாடியே பதிஞ்சிருக்கணும். தாத்தாவோட பிறப்பு, கல்யாணச் சான்று, அடுத்த தலைமுறையோடது எல்லாம் ஒரிஜினலா வேணும், ஒரு எழுத்து மாறினாலும் இழுத்தடிப்பாங்க. என் மச்சானுக்கு...

லோகோ_பேரன்:
பாஸ்போர்ட் கதை வேண்டாம் ராஜேஷ்.

பழைய_பதிவேடு சார், 1901 பார்த்தேன். வீட்ல அஞ்சு பிள்ளைங்க. 1911ல இருந்த அதே மூணு பேர், நம்ம ஆளு (15 வயசு), அவருக்கு மேல ஒரு அண்ணன், 19 வயசு, செங்கல் சூளையில வேலை. ஆக 1911ல வீட்ல இல்லாதது ரெண்டு பேர். அவங்கள்ல உயிரோட இருக்கிறதா அந்தம்மா எண்ணினது ஒருத்தரை.

அண்ணன் செத்திருப்பார்னு நினைச்சு 1901ல இருந்து 11 வரைக்கும் இறப்புப் பதிவு முழுக்கத் தேடினேன், கிடைக்கல. நேத்து கல்யாணப் பதிவுல கிடைச்சார். 1913, டப்ளின். அப்பா பேர் சரி, "காலமானவர்"னு இருக்கு, அப்பா தொழில் சரி, சொந்த ஊர் அத்தாய். ஆனி மூர் மாதிரி வேற ஆளா இருக்குமோன்னு மூணு தடவை பார்த்தேன். அவர்தான்.

அப்போ அந்த நாலாவது ஆள் அண்ணன்தான். நம்ம பெரம்பூர்க்காரர் செத்துப்போனதா எண்ணின அஞ்சுல சேர்ந்துட்டார். பட்டாளத்துக்குப் போனவர் ஒரு லெட்டர் கூடப் போடல போல.

அம்மா அந்தப் பக்கத்தை பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்காங்க. வர்றவங்களுக்கெல்லாம் 4ஐத் தொட்டுக் காட்டறாங்க.

மேயோ_நாகர்கோவில்:
சொல்லாதீங்க.

பழைய_பதிவேடு:
சொல்லணும்ங்க. ஆனா முதல்ல அந்த 1913 பதிவுல சாட்சிக் கையெழுத்து யாருதுன்னு பாருங்க. தங்கச்சி போட்டிருந்தா அது முக்கியம்.