அக்காவின் பிறவி இதயக் குறைபாடு: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். மேலூர் அருகே வசிக்கும் என் அக்காவுக்கு வயது 47. அவருடைய மூச்சிரைப்பைப் பல ஆண்டுகளாக ஆஸ்துமா என்றே கருதி இன்ஹேலர் கொடுத்து வந்தார்கள். சென்ற மாதம் நாற்று நடும்போது வரப்பில் மயங்கி விழுந்தார். அதன் பிறகு எடுத்த எக்கோ என்னும் இதய ஸ்கேனில்தான், பிறவியிலேயே இதயத்தின் இரு கீழறைகளும், அவற்றோடு பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருப்பது தெரிந்தது.

மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் படம் வரைந்து விளக்கினார். இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் ரத்தம் சரியான வழியிலேயே ஓடுகிறது. உடல் நீலம் பாரிப்பதில்லை. அதனால் நடுத்தர வயதுவரை இது வெளியே தெரியாமலே இருக்கலாம். ஆனால், நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் அனுப்ப அமைந்த வலது கீழறை, உடல் முழுவதற்கும் இறைத்து இறைத்துத் தளர்ந்துபோகிறது. அதன் வால்வு கசிகிறது. இதயத்தின் மின்னோட்டமும் தடைபடுகிறது. இரண்டு பிள்ளைகளையும் இந்த இதயத்தோடுதான் பெற்றெடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பேஸ்மேக்கர் உடனே வேண்டும் என்கிறார்கள். வால்வு அறுவை சிகிச்சையில் இரு வேறு கருத்துகள் உள்ளன. கீழறை முற்றிலும் தளருமுன் முடிவெடுக்க வேண்டும் என்பதே எங்கள் கவலை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலோ இத்தகைய குறைபாட்டுக்குப் பெரியவர்கள் எவரேனும் சிகிச்சை பெற்றிருந்தால், எந்தப் பிரிவை அணுகுவது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் எதுவரை உதவியது, பிள்ளைகளுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார்களா என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.