ராமநாதபுரம் கேணிக்கரை தெரு குழு: ஞாயிறு தனுஷ்கோடி நடை

*செந்தில்:* எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசி ஞாயிறு தனுஷ்கோடி நடைக்கு 14 பேர் சேர்ந்திருக்காங்க. பழைய சர்ச்சுல இறங்கி, நிலம் முடியற அரிச்சல்முனை வரைக்கும் நடக்கலாம்ல?

*ஜெயந்தி டீச்சர்:* திருப்பிப் போடுங்க தம்பி. சர்ச்சுல இருந்து முனைக்கு நடந்தா ஏறுவெயில் நேரா கண்ணுல அடிக்கும். வேன் முதல்ல முனையில இறக்கி விடட்டும். அங்கேருந்து சர்ச்சைப் பார்த்து நடந்தா வெயில் முதுகுல விழும். முனையில கூட்டம் சேர்றதுக்குள்ள நாம தள்ளி வந்துரலாம். சர்ச்சுக்கு வந்து சேரும்போது டீக்கடை, மீன் கடை எல்லாம் திறந்திருக்கும்.

*காதர் பாய்:* டீச்சர் சொல்றது சரி. தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ரோட்டுல ஒரு மணி நேரம்னா மணல்ல ரெண்டு மணி நேரம் வச்சுக்கங்க. மாசியில வாடைக்காத்து இன்னும் இருக்கும். அதனால வடக்கே பெண்கடல்தான் (பாக் நீரிணைப் பக்கம்) அலையடிச்சுக் கிடக்கும், தெக்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும். தெக்குக் கரையைப் பிடிங்க. ஆனி, ஆடியில சோழகம், அதான் தெக்கத்திக் காத்து, வீசும்போது போனா இது அப்படியே தலைகீழ்.

*காதர் பாய்:* காய்ஞ்ச மணல்ல நடக்காதீங்க, கால் புதைஞ்சு கெண்டைக்கால் இழுத்துக்கும். அலை வந்து திரும்புற ஈரப்பட்டைதான் கெட்டியா இருக்கும். ஆனா அது கடலைப் பார்த்துச் சரிஞ்சது. ரொம்ப தூரம் சரிவுலயே போனா ஒரு பக்க முட்டி நோகும், அப்பப்போ மேட்டுக்கு ஏறிச் சமதரையில நடங்க. ரோட்டோரம் பாறாங்கல் அடுக்கின இடத்துல அலை கல்லு வரைக்கும் வந்தா, பாசி பிடிச்ச கல் மேல தாவ வேண்டாம். முன்னாடியே ரோட்டுக்கு ஏறிருங்க.

*மல்லிகா மதினி:* செருப்பு போதுமாண்ணே?

*காதர் பாய்:* போதாதும்மா. கருவை முள்ளு ரப்பர் செருப்பைத் துளைச்சு உள்ளங்காலுக்கு வந்துரும். அடம்பங்கொடி ஒண்ணும் செய்யாது, மிதிச்சு அதை நசுக்காம இருந்தா போதும், மணலைப் பிடிச்சு வைக்கிறது அதுதான். ராவணன் மீசைங்கிற புல்லுதான் பொல்லாதது. அதோட இலை நுனி ஊசி மாதிரி, குத்தினா உள்ளயே முறிஞ்சு நின்னுரும். பழைய கேன்வாஸ் ஷூ, கணுக்கால் மூடுற சாக்ஸ் போடுங்க. முள்ளு எடுக்க ஒரு சாமணம் யாராவது கொண்டாங்க.

*செந்தில்:* முனையில குளிக்கலாமா பாய்?

*காதர் பாய்:* வேண்டவே வேண்டாம். ரெண்டு பக்கத்து நீரோட்டமும் அங்க வந்து மோதுது. கரையும் சட்டுனு ஆழமாகும், காலடி மணலை அலை அரிச்சு இழுத்துரும். நீச்சல் தெரிஞ்சவனுக்கும் அதே கதிதான். கரையில ஒதுங்கின சொறியை (ஜெல்லிமீன்) பிள்ளைங்க தொடாம பாத்துக்கங்க, செத்துக் கிடந்தாலும் சுணைக்கும். பட்டுட்டா கடல் தண்ணியிலயே கழுவணும். நல்ல தண்ணி ஊத்தினாலோ மணலைப் போட்டுத் தேய்ச்சாலோ எரிச்சல் கூடும்.

*ஜெயந்தி டீச்சர்:* இது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடுற காலம். கரையில இருந்து மேட்டுக்கு டிராக்டர் டயர் ஓடின மாதிரி தடம் தெரிஞ்சா, அதைச் சுத்திப் போங்க. தோண்டிப் பாக்காதீங்க. முட்டைகளை வனத்துறை எடுத்துப் பொரிப்பகத்துல வைக்கிறாங்க. பூநாரையைத் திரும்பும்போது ரோட்டுல நின்னே பாருங்க. 2025 ஜூன்ல தனுஷ்கோடிப் பகுதியில 500 ஹெக்டேருக்கு மேல பூநாரைச் சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணிக்குள்ள வச்சுச் சலிச்சுத் தின்னுட்டிருக்கும். தலை தூக்கி எல்லாம் ஒரே பக்கம் நகர ஆரம்பிச்சா நாம ரொம்பக் கிட்டப் போயிட்டோம்னு அர்த்தம், அங்கேயே நிக்கணும். வெள்ளையா உப்புப் பொருக்கு படிஞ்ச கழியில இறங்காதீங்க. மேல காய்ஞ்சிருக்கும், அடியில முழங்கால் சேறு.

*வேன் பாண்டி:* 10 மணிக்கு மேல என்ன திட்டம் சார்? மணல் கொதிக்கும்.

*ஜெயந்தி டீச்சர்:* அதுக்குத்தான் ஒரு யோசனை. நேரா ராமநாதபுரம் திரும்பி, சாப்பிட்டு, 2 மணிக்கு மேல ராமலிங்க விலாசம் போவோம்.

*மல்லிகா மதினி:* நம்ம அரண்மனைக்கா டீச்சர்? தினம் அந்த வழியாத்தானே மார்க்கெட்டுக்குப் போறோம்!

*ஜெயந்தி டீச்சர்:* அதான் மல்லிகா, வாசலோட போயிடறோம். ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி கட்டினது. உள்ளே சுவர், விதானம் எல்லாம் 1700-களின் தொடக்கத்து ஓவியம், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தது. மூணு காட்சியை மட்டும் தேடிப் பிடிங்க: மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் சேதுபதிக்கு ரத்தினாபிஷேகம் பண்றது, தொப்பி போட்ட வெள்ளைக்காரங்களைச் சேதுபதி சபையில வரவேற்கிறது, தஞ்சை மராட்டியரோட சண்டை. வெயில்ல இருந்து உள்ளே போனதும் ஒண்ணும் தெரியாது. பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க, கண்ணு பழகினதும் நிறம் எழுந்து வரும்.

*காதர் பாய்:* காலையில சர்ச்சையும் உத்துப் பாத்துட்டு வாங்க. 1964 டிசம்பர் புயல்ல இடிஞ்ச சுவர், பவளக் கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டினது. கல்லுக்குக் கிட்டப் போனா சின்னச் சின்னப் பூ மாதிரி குழி தெரியும், அது பவளப் பூச்சி இருந்த வீடு. கையால உரசாதீங்க. உப்புக் காத்து அந்தக் காரையைப் பொடியாக்கி வச்சிருக்கு, தொட்டா உதிரும்.

*ஜெயந்தி டீச்சர்:* ஓவியத்துக்கும் அதே எதிரிதான். சுண்ணாம்புப் பூச்சுல ஈரமும் உப்பும் ஏறினா நிறம் செதிலாப் பெயரும். அதனால கடல் தண்ணி பட்ட துணியோட, மணல் பையோட உள்ளே வரவேண்டாம். வீட்டுக்குப் போய்க் குளிச்சு மாத்திட்டே வாங்க. சுவர்ல சாயாதீங்க, ஃபிளாஷ் போடாதீங்க, படம் எடுக்கணும்னா அங்க இருக்கிற ஊழியர்கிட்ட முதல்ல கேளுங்க. வெள்ளிக்கிழமை அங்க விடுமுறை, நமக்கு ஞாயிறுங்கிறதால கவலையில்லை.

*மல்லிகா மதினி:* சாப்பாடு நான் பாத்துக்கிறேன். புளிச்சோறும் பருப்புத் துவையலும். தேங்காச் சட்னி வேண்டாம், வெயில் ஏறுனா ஊசிப்போகும். தலைக்கு 3 லிட்டர் தண்ணி, பெரியவங்களுக்கு உப்புப் போட்ட மோர். எவர்சில்வர் டம்ளர் அவங்கவங்க கொண்டாங்க.

*வேன் பாண்டி:* காலை 4.30-க்கு பஸ் ஸ்டாப்புல வண்டி நிக்கும். முகுந்தராயர் சத்திரம் சோதனைச் சாவடியில விடிஞ்சப்புறம்தான் விடுவாங்க, அதனால அவசரமில்லை. நடந்து முடிச்ச ஷூவைத் தட்டி சாக்குப் பையில போட்டு ஏறுங்க. மணல் வண்டிக்குள்ள விழுந்தா கதவுத் தண்டவாளம் சிக்கிக்குது.