சிம்ப்சன்ஸில் பிள்ளையாருக்கு என்ன வேலை?

கோட்டுச்சித்திரன்:
அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’ மதத்தை நக்கலடிக்கிறது என்பவர்கள் 1992இல் வந்த ‘ஹோமர் தி ஹெரெட்டிக்’ எபிசோடைப் பார்க்கட்டும். குடும்பத் தலைவன் ஹோமர் சர்ச்சுக்குப் போவதை நிறுத்துகிறான், வீடு தீப்பிடிக்கிறது. உதவிக்கு வருபவர்கள் கிறிஸ்தவர் பிளாண்டர்ஸ், யூதரான கோமாளி கிரஸ்டி, இந்துவான கடைக்காரர் அப்பு. பாதிரியார் லவ்ஜாய் முதல் இருவரின் மதத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அப்புவை ‘இதரர்’ ஆக்குகிறார். “இந்து! எழுபது கோடிப் பேர் இருக்கிறோம்!” என்று சீறுகிறார் அப்பு. கேலிக்கு ஆளாவது பாதிரியார்தான்.

வளர்மதி_கே:
அதே எபிசோடில்தான் அப்பு கடைப் பிள்ளையாரிடம் ஹோமர் “கடலை வேணுமா?” என்கிறான். சுண்டல் படைக்கும் நமக்கு இதில் குற்றம் தெரியாது. ஆனால் அந்த ஜோக் வருவது மிருகக்காட்சிசாலை யானைக்குக் கடலை போடுவதிலிருந்து. 1997இல் அப்பு கல்யாணத்திலும் அதே கதை: திருமணத்தை நிறுத்த ஹோமர் பிள்ளையார் வேஷத்தில் நுழைகிறான்.

இதை 1991இல் வந்த கிரஸ்டி எபிசோடோடு ஒப்பிடுங்கள். கோமாளியான மகன் கிரஸ்டியை ஒதுக்கிய அப்பா ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு. ஹோமரின் பிள்ளைகள் பார்ட்டும் லிசாவும் யூதர்களின் மதநூலான தால்முத் மேற்கோளோடு வாதாடுகிறார்கள், அவர் நூலிலிருந்தே பதில் தருகிறார். கதை நகர்வதே அந்த வாதத்தால். எழுதும்போது ரப்பிகளிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார்கள். குரல் கொடுத்த ஜாக்கி மேசனே ரப்பிப் பட்டம் பெற்றவர். அப்புவின் சாமியை எடுத்துவிட்டுப் பாருங்கள், இரண்டு ஜோக் குறையும், கதை அப்படியே நிற்கும்.

அனிமேட்டிக்:
ஆலோசனை எப்போது கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒரு எபிசோடுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம். ஸ்கிரிப்ட், நடிகர்கள் கூடி வாசிப்பது, குரல் பதிவு, ஸ்டோரிபோர்டு (காட்சிகளின் கோட்டுப் படங்கள்), அனிமேட்டிக் (அவற்றைக் குரலோடு ஓட்டிப் பார்க்கும் முன்வடிவம்), பிறகு படம் வரையத் தென் கொரியா. வண்ணத்தில் திரும்பி வந்தபின் சடங்கு தப்பு என்றால் காட்சியையே மறுபடி வரையணும். வாய் தெரியாத ஷாட்டில் வசனத்தை மாற்றலாம், அவ்வளவுதான். குரல் பதிவுக்கு முன்பே கேட்காவிட்டால் பயனில்லை.

கோட்டுச்சித்திரன்:
வளர்மதி, கல்யாணக் காட்சியைப் பாதியில் விட்டுட்டீங்க. ‘நீ பிள்ளையார் இல்லை’ என்று கத்துவதே ஒரு விருந்தினர்தான். முட்டாள் ஹோமர், சாமி அல்ல. அப்புறம் 2001இல் லிசா பௌத்தத்துக்கு மாறினாள். அடுத்த வாரமே அதை அழித்துவிடவில்லையே? 2008இல் ஜோர்டானிலிருந்து வந்த பஷீர் குடும்பத்தை ஹோமர் தீவிரவாதிகள் என்று சந்தேகிக்கிறான், கடைசியில் அசடு வழிகிறான்.

வளர்மதி_கே:
உங்க உதாரணமே என் பக்கம் பேசுது. பஷீர் அப்பாவின் வெடிமருந்து கட்டடம் இடிக்கும் தொழிலுக்கு என்று தெரிவதுதான் அங்கே திருப்பம். அதாவது, அவர்கள் ஆபத்தில்லாதவர்கள் என நிரூபிக்கவே 22 நிமிடமும் போய்விடுகிறது. லிசாவுக்கு அந்தச் சுமை இல்லை. ஊர்ப் பணக்காரர் பர்ன்ஸின் பணத்தில் சர்ச் விளம்பரக்கூடமாகிவிட்டது என்ற கோபம் அவளுடையது, முடிவும் அவளுடையது. அப்பு தன் சாமியோடு கோபித்துக்கொள்ளும் எபிசோடு ஒன்று சொல்லுங்க, ஒத்துக்கறேன்.